அரிக்கமேட்டு மணியும் வல்லக்கோட்டை மாலையும்

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் காலை என் மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். முந்தின நாள் நான் கோர்த்த மாலைகளில் முப்பத்தொன்று விற்றிருந்தது. பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்த காசை எண்ணி என்னிடம் கொடுத்துவிட்டு, “மாமா, நீங்க காலையில உட்கார்ந்து பண்றது ஜபமா, வியாபாரமா? ஜபம்னா எதுக்கு விலை வைக்கிறீங்க? வியாபாரம்னா, ஒரு மாலைக்கு ரெண்டு மணி நேரம் போட்டா கட்டவே கட்டாதே” என்றாள்.

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் அரசாங்க எழுத்தராகக் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடை தெரியாத விஷயம் மேசைக்கு வந்தால், இதே மாதிரி சமாசாரத்தில் இதற்கு முன் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பழைய கோப்பைத் தேடுவோம். முன்னுதாரணம் கிடைத்துவிட்டால் பாதி நிம்மதி. இந்த முறை நான் தேடிப்போன கோப்பு கொஞ்சம் பழையது. இரண்டாயிரம் வருடத்துக் கோப்பு.

முதலில் இந்த மாலை வேலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். பெயரிலேயே முத்து இருக்கிறது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது எனக்கு ஐந்து வயது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அதற்கு முன்னும் பின்னும் என் படிப்பு பிரெஞ்சு மொழியிலேயே ஓடியது. வேலை கிடைத்ததும் அந்தப் பிரெஞ்சை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, குறிப்பும் வரைவும் ஆங்கிலத்தில் எழுதப் பழகிக்கொண்டேன். 2009-இல் ஓய்வு. மகனுக்கு ஒரகடத்தில் வேலை. வல்லக்கோட்டையில் வீடு பிடித்தோம். மறு வருடம் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. ஊரே ‘ரெனால்ட்’ என்கிறது. நான் ‘ரெனோ’ என்பேன். இன்றைக்கும் என் மகன் அதற்குச் சிரிப்பான்.

2014-இல் என் மனைவி காலமானாள். பழனியில் வாங்கிய ஓர் உருத்திராட்ச மாலை அவளிடம் இருந்தது. அவள் போன மூன்றாம் மாதம், அலமாரியிலிருந்து எடுக்கும்போது நூல் இற்று, மணிகள் தரை முழுக்க ஓடின. எண்ணி எடுத்தேன். 106 இருந்தன. மீதி இரண்டை இரவு முழுக்கத் தேடி, ஒன்றைத் தையல் மிஷின் மிதிகட்டைக்கு அடியிலும் மற்றொன்றை அரிசி டின்னுக்குப் பின்னாலும் கண்டெடுத்தேன். மறுபடி கோர்க்க உட்கார்ந்தேன். ஒரு மணி, ஒரு முடிச்சு. மணிக்கு மணி முடிச்சுப் போட்டால் நூல் அறுந்தாலும் ஒன்றுக்கு மேல் உதிராது. அதற்குத்தான் அந்த முடிச்சு. இருபது முப்பது மணி போனபிறகுதான் கவனித்தேன், ஒவ்வொரு முடிச்சுக்கும் வாய் ‘சரவணபவ’ சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பகலில் தூங்கினேன்.

அப்புறம் பக்கத்து வீட்டார் கேட்டார்கள், எதிர் வீட்டார் கேட்டார்கள். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா, “ஐயா, கிருத்திகைக்கு பத்து கொடுங்க, வச்சுப் பார்க்கிறேன்” என்றார். அப்படித்தான் அது வியாபாரமானது.

கோப்பைத் திறக்கிறேன்.

மணி என்ற சொல்லையே பாருங்கள். கழுத்தில் கிடப்பதும் மணி, கோயிலில் ஒலிப்பதும் மணி, கடிகாரம் காட்டுவதும் மணி, கதிரில் விளைவது நெல்மணி, கண்ணுக்குள் இருப்பது கண்மணி. இது தமிழுக்கு மட்டுமே உரிய அழகு என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் செபமாலையின் மணியை ‘க்ரேன்’ என்பார்கள் (ஒரகடத்தில் பாரம் தூக்குகிற கிரேன் இல்லை). தானிய மணிக்கும் அதே சொல்தான். செபமாலையை உருட்டுவதற்கு ‘எக்ரெனே’ என்று ஒரு வினைச்சொல். கதிரிலிருந்து தானியத்தை உதிர்ப்பதற்கும் அதே வினைதான். பிரார்த்தனை என்பது கதிரடிக்கிற மாதிரி ஒரு வேலை என்று அவர்களுக்கும் பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்ற சொல்லுக்கு ஆதியில் பிரார்த்தனை என்றே பொருள். மணியை வைத்துப் பிரார்த்தனையை எண்ணி எண்ணி, சொல் கையிலிருந்த மணிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு மூதாட்டியை நாங்கள் செபமாலை ஆயா என்போம். திண்ணையில் உட்கார்ந்து, சின்ன இடுக்கியால் கம்பியை வளைத்து வளைத்துச் செபமாலை கட்டுவார். பத்துப் பத்தாக ஐந்து பிரிவு, நடுவில் தனி மணிகள், சிலுவையை ஒட்டிய கிளையில் சில. எல்லாம் சேர்ந்து 59. பள்ளிக்கூடம் விட்டு வருகிற என்னைக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் எண்ணச் சொல்வார். தப்பாக எண்ணினால் சிலுவையால் மண்டையில் ஒரு தட்டு. நான் எண் கற்றது பாதி அந்தத் திண்ணையில்தான்.

அவர் சொன்ன ஒரு விஷயம் அப்போது புரியவில்லை. மாலை விற்ற பிறகுதான் அதைச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும். மந்திரித்ததை விற்கக் கூடாது. பின்னாளில் தெரிந்தது, இது ஆயாவின் சொந்தச் சட்டம் இல்லை, அவர்கள் திருச்சபையின் பழைய சட்டமே அப்படித்தான். விற்கப்பட்ட மாலைக்கு அதனோடு சேர்ந்த ஆன்மிகப் பலன் போய்விடும் என்று 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. யோசித்தால் நாமும் அதைத்தான் செய்கிறோம். கடையில் பேரம் பேசி வாங்குகிறோம். பிறகு குருக்களிடம் கொடுத்து, சாமி பாதத்தில் வைத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். வல்லக்கோட்டையில் ஏழடி உயரத்தில் நிற்கிற சுப்பிரமணியர் காலடிக்குப் போய் வந்த பிறகுதான் அது மாலை. அதுவரை கயிற்றில் கோர்த்த கொட்டை.

மருமகளின் கேள்விக்கு முதல் முன்னுதாரணம் இது. விலை முதலில், புனிதம் அப்புறம். வரிசை மாறக் கூடாது.

இரண்டாவது முன்னுதாரணத்துக்கு அரிக்கமேட்டுக்குப் போக வேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்புப் பக்கம் இருக்கிற மேடு. எங்கள் சிறுவயதில் மழை பெய்து ஓய்ந்ததும் அங்கே போனால் மண்ணில் பொடிப்பொடியாக மணிகள் மின்னும். ஒரு தீப்பெட்டியில் ஏழெட்டு சேர்த்து வைத்திருந்தேன். செங்கல் சிவப்பில் இரண்டு, மஞ்சள் ஒன்று, மீதி நீலமும் பச்சையும். கோலி விளையாட்டில் பந்தயம் வைத்துத் தோற்றுவிட்டேன். அதன் வயது தெரிந்திருந்தால் தோற்றிருக்க மாட்டேன்! பள்ளிக்கூடத்தில் பிரான்ஸ் மன்னர்களை வரிசை பிசகாமல் ஒப்பிப்போம். நாலு கிலோமீட்டரில் கிடந்த மணியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த மேட்டைப் பற்றி முதலில் எழுதிய ஐரோப்பியர் லெ ஜந்தீ என்ற வானியல் அறிஞர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கப்பலேறி வந்தவர். 1761-இல் போர் காரணமாகக் கரையிறங்க முடியாமல் கடலிலேயே அதைத் தவறவிட்டார். அடுத்ததற்காக எட்டு வருடம் காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுத்தித் தயாராக இருந்தபோது மேகம் வந்து மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால் அவர் செத்துப்போனதாக முடிவு செய்து சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். வானத்தில் பார்க்க வந்ததைக் கோட்டை விட்ட அந்தப் பாவப்பட்ட மனிதர்தான், தரையில் ஆற்றங்கரையில் பழங்காலப் பெரிய செங்கற்கள் கிடப்பதைப் பார்த்துக் குறித்துவைத்தார்.

பிறகு 1937-இல் ழூவோ துப்ராய் என்ற பேராசிரியர். புதுச்சேரியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கோயிலும் சிற்பமும் ஆராய்ந்தவர். அவர் சிறுவர்களிடம் காசு கொடுத்து மணியும் கல்லும் வாங்கினார். எங்களுக்கு முந்தின தலைமுறைப் பையன்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். அதில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த முகத்தை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அடையாளம் கண்டார். 1945-இல் வீலர் வந்து முறையாகத் தோண்டினார். 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டினார். வீலருக்கு ரோமானிய மதுச்சாடியும் தட்டும் கிடைத்தன. உலகம் முழுக்க அதைத்தான் பேசியது. பாடப்புத்தகத்திலும் அதுதான் ஏறியது. ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டியது பெக்லியின் ஆய்வு. எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. குடித்துவிட்டுப் போட்ட சாடிக்குக் கிடைத்த மரியாதை, நம் ஆட்கள் உலையில் வெந்து செய்த மணிக்கு வெகுநாள் கிடைக்கவில்லை.

மணிக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். வாழ்நாள் முழுக்க மணிகளையே ஆராய்ந்தவர், 2002-இல் காலமானார். இந்தச் சின்னக் கண்ணாடி மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் தொடங்கிக் கொரியா, ஜப்பான் வரை இவ்வகை மணி கிடைக்கிறது. அரிக்கமேடு அதன் ஆரம்பகாலப் பட்டறைகளில் ஒன்று. புதுச்சேரிக்கு மட்டும் பெருமையைக் கட்டிவிடக் கூடாது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009-இல் தோண்டத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள் வந்தன. ஒரே இடத்தில் கண்ணாடி மணியும் நெல்மணியும். நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணிப் பட்டறை. படிகம், பச்சைக்கல், அகேட் என்று இழைத்து ஓட்டை போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடி மணியை எப்படிச் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொன்றாக இல்லை. ஆந்திராவில் திருப்பதி, காளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டை என்று ஓர் ஊர். பழைய முறை நம் காலம் வரை உயிரோடு இருந்த இடம் அது. உருகிய கண்ணாடியை நீளமான இரும்புக் குழாயின் நுனியில் கூம்பாகத் திரட்டி, உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தித் துளை உண்டாக்கி, மறுபக்கம் ஒருவர் கொக்கியால் பிடித்து இழுக்க இழுக்க, நடுவில் துளையோடு கூடிய இழையாகக் கண்ணாடி நீண்டுகொண்டே வரும். இடியாப்பம் பிழிகிற மாதிரி, ஆனால் உள்ளே ஓட்டையோடு. அந்த இழையை முழ நீளத்துக்கு ஒடித்து, கட்டாகச் சேர்த்துக் கத்தியில் நறுக்குவார்கள். நறுக்கியதன் முனை கூராக இருக்கும். சாம்பலோடு கலந்து சூடான சட்டியில் புரட்டினால் முனை மழுங்கி உருண்டையாகும். சாம்பல் துளைக்குள் போய் நிற்பதால் ஓட்டை அடைபடாது. அரிக்கமேட்டில் கிடைத்த கழிவுத் துண்டுகளையும் இந்த ஊர்க் கழிவையும் ஒப்பிட்டுத்தான் இரண்டும் ஒரே கைவேலை என்று கண்டுகொண்டார்கள். நல்ல மணியைவிடக் குப்பைதான் சாட்சி சொன்னது. பழைய கோப்பிலும் அப்படித்தான், ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியதில்தான் விஷயம் இருக்கும்.

இங்கே ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் ஓடுகிற கண்ணாடி ஆலை உங்களுக்குத் தெரியும், செயின்ட் கோபைன். அதன் பூர்வீகம் 1665. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், வெனிஸ் நகரத்து முரானோ தீவிலிருந்து கண்ணாடித் தொழிலாளிகளை ஆசைகாட்டி வரவழைத்துத் தொடங்கிவைத்த கண்ணாடிப் பட்டறை. அதே கோல்பேர் அதற்கு முந்தின வருடம், 1664-இல், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் தொடங்கிவைத்தார். அந்தக் கம்பெனியின் ஆள் பிரான்சுவா மர்த்தேன்தான் 1674-இல் புதுச்சேரியில் காலூன்றியவர். ஒரே அமைச்சர் அடுத்தடுத்த வருடம் கையெழுத்துப் போட்ட இரண்டு காகிதம். ஒன்று எனக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தது, மற்றொன்று என் வீட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி உருக்குகிறது. அரிக்கமேட்டில் இழையாக இழுத்த கண்ணாடியை இங்கே உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுப் பலகையாக்குகிறார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவர் இறங்கும் இடம் வந்துவிடும்.

மணிக்கு வருவோம். அந்தச் செங்கல் சிவப்பு மணி கடல் கடந்து இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனது. புளோரஸ், திமோர் பக்கம் அதன் பெயர் ‘முத்திசாலா’. ‘தப்பான முத்து’ என்று பொருள் சொல்வார்கள். பெயர்தான் தப்பு, மதிப்போ தங்கத்துக்குச் சமம். தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்து, பெண் எடுக்கும்போது பரிசமாகக் கொடுப்பது, பெரியவர்களின் நினைவாகப் பூட்டிவைப்பது எல்லாம் உண்டு. இவ்வகை மணியை நறுக்கி மூட்டையாகக் கட்டி அனுப்பிய நம் ஊர் ஆள் படி அளந்துதான் விற்றிருப்பான். போய்ச் சேர்ந்த இடத்தில் அது குலதனமாயிற்று. திருச்சபைச் சட்டம் சொன்ன அதே வரிசைதான்.

பதிலுக்கு அவர்கள் நமக்கு என்ன அனுப்புகிறார்கள் தெரியுமா? உருத்திராட்சம். நேபாளத்து மணி பெரிது, விலையும் அதிகம். நம் கடைகளில் தொங்குகிற சின்ன மணி பெரும்பாலும் ஜாவாப் பக்கத்திலிருந்து வருவது. மரத்தில் பழம் நீல நிறமாக இருக்கும், சதையை ஊறவைத்துக் கழற்றினால் உள்ளே கொட்டை. ஐந்து கோடு இருந்தால் ஐந்து முகம். அதுதான் மிகுதியாக விளைவது, அதனால்தான் விலை மலிவு. நாம் கண்ணாடி அனுப்பிய கடல்வழியில் அவர்கள் கொட்டை அனுப்புகிறார்கள். நான் வல்லக்கோட்டையில் உட்கார்ந்து முருகன் பெயரைச் சொல்லிக் கோர்க்கிறேன்.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் கோட்டில் இருக்கும் அழுக்கைத் தேய்த்து, நிழலில் காயவைத்து, நல்லெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் மணி 108 கோர்த்தால் முடிச்சோடு சேர்த்து ஒரு மீட்டர் சுற்றளவு வரும். 108 ஏன் என்று கேட்பார்கள். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம். பாதி 54, கால் 27. முஸ்லிம் நண்பர்களின் தஸ்பீஹ் மணி 33 அல்லது 99. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர், அதனால் வைணவர்கள் துளசி மணியும் தாமரை மணியும் கேட்டு வருவார்கள். ஸ்படிகம் நான் செய்வதில்லை. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துப் பிரிக்க என் விரலுக்கு இப்போது சுரணை போதாது. தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தில் ஒரு காலத்தில் பளிங்குக் கல்லை எடுத்து மூக்குக்கண்ணாடியே செய்தார்கள். அந்த வல்லம் வேறு, நம் வல்லம் வேறு. இங்கே கல்லைத் தேடாதீர்கள்.

இந்த வட்டாரத்தில் எனக்கு வாடிக்கை யார் என்றால், கம்பெனிப் பையன்கள். சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்பது ஆலை விதி. நல்ல விதிதான், மாலை மாட்டினால் கழுத்தே போகும். அதனால் சட்டைப் பையில் வைக்கிற மாதிரி 27 மணி மாலை கேட்டார்கள். ஷிப்டு பஸ்ஸில் போய் வர நேரம் இருக்கிறது, கையில் உருட்டிக்கொண்டே போகலாம் என்றார்கள். இப்போது நான் அதிகம் கோர்ப்பது அந்தக் கால் மாலைதான். விடியற்காலை ஷிப்டு முடிந்து இறங்குகிற ஒரு பையன், நாலு சுற்று ஓடினால் ஒரு முழு மாலை ஆகிறது ஐயா, அதற்குள் என் ஸ்டாப் வந்துவிடுகிறது என்றான். எனக்கு அது பிடித்திருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் மருமகளிடமும் சொன்னேன். விற்கும்வரை சரக்கு, வாங்கியவன் கையில் போய்த்தான் அது மாலை, ஆகவே விலை வைப்பதில் தோஷமில்லை என்று கோப்பை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். போட முடியவில்லை. காரணம் 2016 தைப்பூசம்.

அந்த வருடம் கூட்டம் அதிகம் வரும் என்று அவசரத்தில், சென்னையில் ஒரு மொத்தக் கடையில் பத்து மாலைக்கான மணி வாங்கினேன். ஒரே அளவு, ஒரே நிறம், பார்க்க லட்சணம். அந்த லட்சணமே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். இயற்கையில் ஏது ஒரே அளவு? கோர்த்தேன். ஒன்பது விற்றது, மாலை 180 ரூபாய். ஒரு மாதம் கழித்து ஒரு பையன் வந்தான். “ஐயா, சுடுதண்ணியில குளிச்சேன், சாயம் போவுது” என்றான். ஒரு மணியைப் பிளேடால் குறுக்கே அறுத்தேன். உண்மையான ஐந்துமுக மணிக்குள்ளே ஐந்து விதை அறை இருக்கும். இதற்குள்ளே ஒன்றும் இல்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக். தண்ணீரில் மூழ்கினால் அசல் என்று எல்லாரும் சொல்வார்கள், அந்தச் சோதனையை நானும் செய்திருந்தேன். அது சோதனையே இல்லை. பிளாஸ்டிக்கும் மூழ்கும், நன்றாகக் காய்ந்த அசலும் சில நேரம் மிதக்கும்.

பையனிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஓர் அட்டையில், மஞ்சள் நூலில் கோர்த்த மாலை வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதிப் பூக்கடையில் தொங்கவிட்டேன். மேலும் நாலு பேர் வந்தார்கள். அப்புறம் வல்லம் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அம்மா வந்தார். மாலையைக் கழற்றவில்லை. பணமும் வாங்கவில்லை. “இருக்கட்டும் ஐயா. இதுல முருகா முருகான்னு எத்தனையோ நாள் சொல்லியாச்சு. கழட்டினா அதெல்லாம் எங்க போகும்?” என்றார். அசல் மாலை ஒன்றைக் கொடுத்தேன். அதை வாங்கித் தன் மகனுக்குப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக்கைத் தானே போட்டுக்கொண்டு போனார்.

என் வாதப்படி பார்த்தால் அந்த அம்மா சொன்னதுதான் சரி. புனிதம் வாங்கியவர் கையில் வருகிறது என்றால் மணி எதனால் ஆனது என்பது விஷயமே இல்லை. ‘தப்பான முத்து’ என்று பெயர் வைத்துவிட்டுத் தலைமுறையாகக் காப்பாற்றுகிறவர்களும் அதைத்தானே செய்கிறார்கள். ஆனால் அவர் மன்னித்ததால் நான் விற்றது போலி இல்லை என்று ஆகிவிடாது. கண்ணாடியை முத்து என்று சொல்லி விற்றானா, கண்ணாடி என்று சொல்லி விற்றானா என்பதுதான் விற்பவன் பக்கத்துக் கணக்கு. நான் உருத்திராட்சம் என்று சொல்லி விற்றேன். தெரியாமல்தான் விற்றேன். தணிக்கைக்காரர் ‘தெரியாமல்’ என்பதை ஏற்றதாக என் அனுபவத்தில் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பையிலிருந்தும் மூன்று மணியை எடுத்து அறுத்துப் பார்க்காமல் நான் ஊசியில் நூல் கோர்ப்பதில்லை.

மருமகள் பாதி கேட்டுக்கொண்டும் பாதி போனைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள் என்றுதான் நினைத்தேன். முடித்ததும் நிமிர்ந்து, “ஒன்பது வித்தீங்க. அஞ்சு திரும்பி வந்துச்சு, ஒண்ணு அந்தம்மாகிட்ட இருக்கு. மீதி மூணு?” என்றாள். கணக்குப் பிரிவு என்றால் சும்மாவா!

அந்த மூன்று பேர் வரவேயில்லை. பிஸ்கட் டப்பாவின் அடியில் ஒரு பழுப்புக் கவர் இருக்கிறது, அரசாங்கக் கவர்தான், உள்ளே 540 ரூபாய். விற்காமல் நின்ற பத்தாவது மாலையும் அதிலேயே இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். மஞ்சள் நூல் வெளுத்திருந்தது, மணிகள் மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தன. அட்டை என்ன ஆயிற்று என்று கேட்டாள். பூக்கார அம்மா கடையை இடம் மாற்றியபோது எங்கேயோ போய்விட்டது என்றேன்.

“வேற எழுதுங்க மாமா. அடுத்த கிருத்திகைக்கு நானே கொண்டுபோய் மாட்டறேன்” என்றாள். இந்தத் தடவை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறாள். வருடம், நூலின் நிறம், விலை மூன்றும் இருக்க வேண்டுமாம். வரைவு தயார். அட்டை வாங்க வேண்டும், கூடவே நூலும்.